நெபொ, நெபெஸா: மூல ஸ்லாவியத்தில் வானத்தைக் குறித்த பெயர்ச்சொல், ஒரு நிகழ்வு ஆய்வு

ரஷ்ய மொழியில் வானத்துக்கு நெபொ என்று பெயர். அதன் பன்மை நெபெஸா. போலிஷ் மொழியில் ஒருமை நியெபொ, பன்மை நியெபியோஸா. ஸ்லோவேனியத்திலும் செர்பியத்திலும் குரோவாசியத்திலும் ஒருமை நெபொ, பன்மை நெபெஸா. ஒருமையில் தென்படாத ஓர் 'எஸ்' பன்மையில் மட்டும் முளைத்து நிற்கிறது. மரம் என்ற சொல் வேற்றுமை ஏற்கும்போது மரத்தை, மரத்தால் என்று 'அத்து' பெறுவதை அன்றாடம் கண்டு பழகிய தமிழ் வாசகர், இதையும் சாரியை என்றே முதலில் எடுத்துக்கொள்வார். இன்றைய ரஷ்யரின் மொழியுணர்வும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். ஆனால் சொல்லின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 'எஸ்' என்பது இடையில் வந்து ஒட்டிய உறுப்பு அன்று. அது அந்தப் பெயர்ச்சொல்லின் சொந்த உடம்பு. ஒருமையிலுள்ள நெபொதான் இறுதி மெய்யை இழந்து குறைபட்ட வடிவம். இதை நிறுவுவதற்கு என்னென்ன சான்றுகள் உள்ளன, அந்தப் பெயர் ஸ்லாவிய மொழிகளின் பொது மூதாதையாகிய மூல ஸ்லாவியத்தில் எவ்வாறு வேற்றுமை ஏற்றது, ஒருமையின் ஈற்று ஒகரம் ஏன் இன்றுவரை விவாதத்துக்கு உள்ளாகிறது என்பனவே இந்த ஆய்வின் பொருள்.

எழுத்து முறை பற்றி ஒரு குறிப்பு அவசியம். நெபொ என்பதிலுள்ள பகரத்தைக் 'கம்பம்' என்ற சொல்லின் பகரம்போல ஒலித்துக்கொள்ள வேண்டும். மூல ஸ்லாவியத்தில் இரண்டு மிகக் குறுகிய உயிர்கள் இருந்தன. ஒன்று பழைய குற்றிகரத்திலிருந்தும் மற்றொன்று பழைய குற்றுகரத்திலிருந்தும் தேய்ந்து வந்தவை. நம் இலக்கணிகள் குற்றியலிகரம், குற்றியலுகரம் என்று பெயரிட்டவற்றோடு இவை வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துவதால், அப்பெயர்களையே இங்கே பயன்படுத்துகிறேன். கீழே வரும் ஸ்லாவிய வடிவங்களில் குறில் இகரமும் குறில் உகரமும் வரும் இடங்களிலெல்லாம் அவை அந்தத் தேய்ந்த உயிர்களே. மீட்டுருவாக்க வடிவத்துக்கு முன்னால் உடுக்குறி இடும் வழக்கத்தை, வாசிப்பின் எளிமை கருதி விட்டுவிட்டேன்.

சொல்லின் பிறப்பு

இந்தப் பெயரின் உறவுகள் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம் முழுவதும் பரவியிருக்கின்றன. சமஸ்கிருதத்தில் நபஸ், கிரேக்கத்தில் நெஃபொஸ், ஹித்தைத்து மொழியில் நேபிஸ், லித்துவேனியத்தில் டெபெஸிஸ். லத்தீனின் நெபுலாவும் ஜெர்மானியத்தின் நேபெலும் அதே வேரிலிருந்து லகர விகுதி பெற்று வந்தவை. சமஸ்கிருத நபஸ் தமிழிலும் நபம் என்று வந்து சேர்ந்திருக்கிறது. நபோமண்டலம் என்ற பழைய நடைச் சொல்லிலுள்ள முற்பகுதி அதுதான். இவற்றையெல்லாம் ஒப்பிட்டு மூல இந்தோ-ஐரோப்பிய வடிவம் நெப்ஹொஸ் என்று மீட்டெடுக்கப்படுகிறது. அதிலுள்ள மூச்சொலியோடு கூடிய பகரம் ஸ்லாவியத்தில் மூச்சொலியை இழந்து வெறும் ஒலிப்புடைப் பகரமாயிற்று. இது விலக்கில்லாத மாற்றம்.

பொருளில் நிகழ்ந்த நகர்வு ஒலி மாற்றத்தைவிடச் சுவையானது. கிரேக்கத்தில் நெஃபொஸ் என்றால் மேகம், லத்தீனில் மூடுபனி, ஜெர்மானியத்திலும் மூடுபனி. சமஸ்கிருத நபஸ் பனிப்படலம், மேகம், வானம் மூன்றையும் குறிக்கும். எனவே மேகம் என்பதே மூலப்பொருள். ஸ்லாவியம் அதிலிருந்து வானத்துக்கு ஏறியது. மேகத்துக்குரிய இடம் காலியானதும், சூழ்ந்து மூடுவது என்ற கருத்தில் ஒப்லாக்கு என்ற புதிய சொல்லை ஸ்லாவியர் அமைத்துக்கொண்டனர். ஆங்கிலத்தின் ஸ்கை என்ற சொல்லும் மேகத்தைக் குறித்த பழைய நோர்ஸ் சொல்லிலிருந்து வந்ததுதான் என்பதால், இப்படிப்பட்ட நகர்வு வடபுல மொழிகளில் தனித்த ஒன்றன்று.

ஆனால் வானம் என்ற பொருளில் ஸ்லாவியத்தோடு மிகத் தெளிவாக ஒத்துப்போவது, இடத்தாலும் காலத்தாலும் வெகுதொலைவிலுள்ள ஹித்தைத்து. இன்றைய துருக்கியின் பொகாஸ்கோய் களிமண் பலகைகளில் நேபிஸ் வானத்தைக் குறிக்கிறது. அந்த மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று 1915இல் அறிவித்த பெட்ரிச் ஹ்ரோஸ்னி, செக் மொழி பேசியவர். வானத்தை நெபெ என்று சொல்லி வளர்ந்தவர். மேகப் பொருளிலிருந்து வானப் பொருளுக்கு இரு கிளைகளும் தனித்தனியே சென்றன என்பதே என் கருத்து. பொது மூதாதையிலேயே வானப் பொருள் ஓரளவு இருந்தது என்பாரும் உண்டு. சமஸ்கிருதத்தின் கலவையான பொருள் அவர்களுக்கும் இடம் கொடுக்கிறது.

லித்துவேனிய டெபெஸிஸ் தனிக் கவனத்துக்குரியது. அங்கே முதலெழுத்து நகரமாக இல்லாமல் டகரமாக இருக்கிறது. அம்மொழியில் வானத்தைக் குறிக்கும் டங்குஸ் என்ற சொல்லின் தாக்கம் என்று சிலரும், பின்னால் வரும் இதழொலியிலிருந்து மூக்கொலி விலகி வேறுபட்டது என்று சிலரும் விளக்குகின்றனர். ஆசியா மைனரின் லூவிய மொழியிலும் வானப்பெயர் தப்பஸ் என்று வல்லொலியில் தொடங்குவது இரண்டாம் விளக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது, ஏனெனில் அங்கே டங்குஸ் போன்ற சொல்லைத் துணைக்கு அழைக்க முடியாது. ஸ்லாவியம் நகரத்தை அப்படியே காத்துக்கொண்டது. லித்துவேனியச் சொல் இன்று இகர ஈற்றுப் பெயர்போலவே வேற்றுமை ஏற்றாலும், ஆறாம் வேற்றுமைப் பன்மையில் டெபெஸியூ என்று மென்மையாகாமல் டெபெஸூ என்றே நிற்கிறது. மெய்யீற்று அடி ஒன்று இகர ஈற்றுக் கூட்டத்துக்குள் குடியேறிய பின்னும் பழைய பிறப்பை விட்டுக்கொடுக்காத இடம் அது.

வேற்றுமை ஏற்றம்

மூல இந்தோ-ஐரோப்பியத்தில் இந்த வகை அஃறிணைப் பெயர்களுக்கு இரண்டு உருவங்கள் இருந்தன: எழுவாயிலும் இரண்டாம் வேற்றுமையிலும் 'ஒஸ்', பிற வேற்றுமைகளில் 'எஸ்'. லத்தீனில் ஜெனுஸ், ஜெனெரிஸ் என்று மாறுவதும் இதே உயிர்மாற்றம்தான். உயிர்களுக்கு இடைப்பட்ட ஸகரம் அங்கே ரகரமாகிவிட்டது. கிரேக்கத்தில் அந்த ஸகரம் அடியோடு மறைந்து, ஆறாம் வேற்றுமை நெஃபெஒஸ் என்றானது. சமஸ்கிருதம் நபஸஸ் என்று ஸகரத்தைக் காத்தது. ஆனால் எகரமும் ஒகரமும் அங்கே அகரமாக ஒன்றிவிட்டதால் உயிர்மாற்றம் கண்ணுக்குத் தெரியவில்லை. உயிர்மாற்றத்தையும் ஸகரத்தையும் ஒருசேரக் காட்டுவது ஸ்லாவியம். நெபொ, நெபெஸெ என்ற இணை அவ்வகையில் ஒப்பியலாளருக்குக் கிடைத்த பெரும் பேறு என்றே சொல்வேன்.

மூல ஸ்லாவிய ஒருமை இவ்வாறு அமையும். எழுவாய், இரண்டாம் வேற்றுமை, விளி மூன்றும் நெபொ. ஆறாம் வேற்றுமை நெபெஸெ. இதன் ஈற்று எகரம் பழைய 'எஸ்' என்ற ஆறாம் உருபு தன் ஸகரத்தை இழந்த எச்சம். நான்காம் வேற்றுமை நெபெஸீ. ஈற்று ஈகாரம் பழைய 'எய்' என்ற கூட்டுயிரிலிருந்து வந்தது. மூன்றாம் வேற்றுமை நெபெஸிமி. இரு இகரங்களும் குற்றியலிகரங்கள். ஏழாம் வேற்றுமை நெபெஸெ, ஆறாம் வேற்றுமையைப் போன்றே.

பன்மையில் எழுவாயும் இரண்டாம் வேற்றுமையும் நெபெஸா. ஆறாம் வேற்றுமை நெபெஸு. நான்காம் வேற்றுமை நெபெஸிமு. மூன்றாம் வேற்றுமை நெபெஸீ. ஏழாம் வேற்றுமை நெபெஸிஹு. மூன்றாம் வேற்றுமையின் ஈற்றுயிர் பழைய ஊகாரம் இதழ்குவிவை இழந்து வந்தது. ஒருமையின் நான்காம் வேற்றுமையோடு தமிழ் எழுத்தில் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒலியில் வேறானது. இருமைக்கு நெபெஸே, நெபெஸூ, நெபெஸிமா என்ற மூன்று வடிவங்களைத் தருகிறோம். இவை உடலைக் குறித்த தேலொ போன்ற உடன்பிறப்புகளின் போக்கை ஒட்டி அமைக்கப்பட்டவை. இரண்டு வானங்களைப் பற்றிப் பேசும் தேவை யாருக்கும் எளிதில் வராது.

இந்த வாய்பாடு முழுவதும் பழமையானதன்று. ஆறாம் வேற்றுமை ஒருமையும் பன்மையும் உண்மையான மெய்யீற்று உருபுகளைத் தாங்குகின்றன. பன்மை எழுவாயின் ஆகாரமும் மூன்றாம் வேற்றுமைப் பன்மையின் ஈறும் ஒகர ஈற்றுப் பெயர்களிடமிருந்து பெற்றவை. நெபெஸிமு, நெபெஸிஹு ஆகியவற்றில் அடிக்கும் உருபுக்கும் நடுவே நிற்கும் குற்றியலிகரம் இகர ஈற்றுப் பெயர்களிடமிருந்து வாங்கப்பட்டது. அந்த இகரத்தின் இருப்பே நெபெஸிஹு என்ற வடிவின் ஹகரத்துக்கும் விளக்கம் தருகிறது. ஏழாம் வேற்றுமைப் பன்மை உருபு முதலில் 'ஸு'. இகரம், உகரம், ரகரம், ககரம் ஆகியவற்றின் பின் வரும் ஸகரம் ஸ்லாவியத்தில் ஹகரமாகும் என்ற விதியை 1895இல் டென்மார்க்கின் ஹோல்கர் பெடர்சன் விரிவாக நிறுவினார். அதனால்தான் ஒரே சொல்லுக்குள் எகரத்தின் பின்னுள்ள அடியின் ஸகரம் மாறாமலும், இகரத்தின் பின்னுள்ள உருபின் ஸகரம் ஹகரமாயும் நிற்கின்றன. அவ்விதியைக் கற்பிக்க இதைவிட நேர்த்தியான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இந்த வடிவங்கள் வெறும் கணக்கீடுகள் அல்ல. 863இல் சிரில், மெத்தோடியஸ் என்ற மறைப்பணியாளர் சகோதரர்கள் மொராவியாவுக்குச் சென்ற பணியோடு தொடங்கிய பழைய திருச்சபை ஸ்லாவிய எழுத்து வழக்கில் இவற்றில் பெரும்பாலானவை நேரடியாகக் கிடைக்கின்றன. பத்தாம் நூற்றாண்டின் இறுதியையும் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்த நற்செய்திச் சுவடிகளில், இயேசு கற்பித்த செபத்தை மட்டும் எடுத்துப் பார்த்தாலே போதும். 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' என்ற தொடக்கத்தில் கிரேக்க மூலம் வானத்தைப் பன்மையில் சொல்கிறது. ஸ்லாவியம் 'ந நெபெஸிஹு' என்கிறது. சில அடிகள் தள்ளி, 'விண்ணுலகில் நிறைவேறுவதுபோல மண்ணுலகிலும்' என்ற இடத்தில் கிரேக்கம் ஒருமைக்கு மாறுகிறது. ஸ்லாவியமும் 'ந நெபெஸெ' என்று மாறுகிறது. ஒரே செபத்துக்குள் ஏழாம் வேற்றுமையின் ஒருமையும் பன்மையும் அருகருகே நிற்கின்றன. பிற்காலத் திருச்சபை ஸ்லாவியத்தில் இரண்டாவது இடம் 'ந நெபெஸீ' ஆகிவிட்டது: ஏழாம் வேற்றுமைக்குரிய பழைய எகர ஈறு, இகர ஈற்றுப் பெயர்களின் ஈற்றுக்கு இடம் கொடுத்துவிட்டது. கோடிக்கணக்கானோர் தினமும் ஓதும் வரி என்பதால் இம்மாற்றத்தைத் தேடி நூலகத்துக்குப் போகவேண்டியதில்லை.

ஈற்று ஒகரத்தின் சிக்கல்

இனி வருவதுதான் இந்தச் சொல்லின் கடினமான முடிச்சு. மூல இந்தோ-ஐரோப்பியத்தில் ஆண்பால் ஒகர ஈற்றுப் பெயர்களின் எழுவாயும் 'ஒஸ்' என்றே முடிந்தது. ஓநாயைக் குறிக்கும் சொல் அதற்கு வழக்கமான எடுத்துக்காட்டு. ஸ்லாவியத்தில் அது குற்றியலுகரத்தில் முடிகிறது: வில்க்கு. அதே 'ஒஸ்' நெப்ஹொஸ் என்பதில் மட்டும் ஏன் ஒகரமாக நின்றது? ஒரே ஒலித்தொடருக்கு ஒரே மொழியில் இரண்டு விளைவுகள் இருக்கமுடியாது என்பது ஒப்பியலின் அடிப்படை. ஆகவே இரண்டில் ஒன்று ஒலிவிதியின் விளைவு, மற்றது ஒப்புமையால் வந்தது.

ஒரு சாரார் குற்றியலுகரமே ஒலிவிதியின் விளைவு என்பர். அவர்கள் கருத்தில் நெப்ஹொஸ் நெபு என்றாகியிருக்க வேண்டும். அஃறிணைச் சுட்டுப்பெயர் தொ என்பதன் ஈற்றைப் பின்பற்றி, பால் வேறுபாடு குலையாமலிருக்க ஒகரம் மீண்டும் ஏற்றப்பட்டது. நான்காம் வேற்றுமைப் பன்மை உருபான 'மு' பழைய 'மொஸ்' என்பதிலிருந்து வந்ததென்று கொண்டால், இக்கருத்துக்கு அது நல்ல துணை. ஆனால் பழைய லித்துவேனியத்தில் அதே உருபு 'முஸ்' என்று உகரத்தோடு கிடைக்கிறது. எனவே அந்தத் துணை முதலில் தோன்றும் அளவுக்கு உறுதியானதன்று.

மறுசாரார் ஒகரமே ஒலிவிதியின் விளைவு என்பர். நான் இவர்கள் பக்கம் சாய்கிறேன். முதற்காரணம் ஆறாம் வேற்றுமை நெபெஸெ. அங்கே 'எஸ்' என்ற ஈறு தன் ஸகரத்தை மட்டும் இழந்து, உயிரைத் தரம் மாறாமல் விட்டிருக்கிறது. எகரம் அப்படியே நிற்குமானால் ஒகரம் மட்டும் உகரமாகக் குறுகியதற்குத் தனிக் காரணம் வேண்டும். இரண்டாவது காரணம், ஆண்பால் எழுவாயின் குற்றியலுகரத்துக்கு வேறு தோற்றுவாய் எளிதாகக் கிடைக்கிறது. இரண்டாம் வேற்றுமையின் 'ஒம்' ஒலிவிதிப்படி குற்றியலுகரமாகும். உகர ஈற்றுப் பெயர்களின் 'உஸ்' என்பதும் அவ்வாறே. இவ்விரண்டின் அழுத்தத்தில் எழுவாய் தன் ஒகரத்தை விட்டிருக்கலாம்.

மூன்றாவது சான்று வடமேற்கு ரஷ்யாவின் நோவ்கொரோடிலிருந்து வருகிறது. அந்நகரில் 1951 ஜூலை 26 அன்று முதல் பூர்ச்சமரப்பட்டை ஓலை கிடைத்தது. அதன்பின் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓலைகளின் மொழியை ரஷ்ய மொழியியலாளர் ஆந்திரேய் ஸலீஸ்னியாக் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அந்த வட்டார வழக்கில் ஆண்பால் எழுவாய் ஒருமை எகரத்தில் முடிகிறது. இரண்டாம் வேற்றுமையோ குற்றியலுகரத்தில். அந்த எகரத்தின் தோற்றம் பற்றிக் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஆயினும் ஸ்லாவியப் பரப்பின் ஒரு மூலையிலாவது பழைய 'ஒஸ்' இரண்டாம் வேற்றுமையோடு ஒன்றாகவில்லை என்பது இதனால் தெளிவாகிறது. மற்ற இடங்களில் நாம் காணும் ஒற்றுமை பிற்காலத்தது என்ற வாதத்துக்கு இதைவிட நேரான ஆதாரம் இல்லை.

இங்கே 1963இல் சோவியத் மொழியியலாளர் விளதிஸ்லாவ் இல்லிச்-ஸ்வீதிச் வெளியிட்ட கண்டுபிடிப்பையும் வைத்துப் பார்க்கவேண்டும். 'ஒம்' ஈற்று அஃறிணைப் பெயர்களில், ஈற்றில் அழுத்தம் பெற்றவை ஸ்லாவியத்தில் அஃறிணையாகவே நின்றன. நுகத்தடியைக் குறிக்கும் இகொ அத்தகையது. அடியில் அழுத்தம் பெற்றவையோ குற்றியலுகர ஈறு பெற்று ஆண்பாலாயின. முற்றத்தைக் குறிக்கும் த்வொரு அவ்வாறு மாறியது. நெபொ தொடக்கத்தில் அழுத்தம் பெற்ற சொல். சமஸ்கிருத நபஸும் அப்படியே. 'ஒஸ்' என்பதும் 'ஒம்' போலவே நடந்திருந்தால், நெபொவும் த்வொருவின் வழியில் ஆண்பாலாகியிருக்க வேண்டும். நெபொவோ அதன் உடன்பிறப்பான ஸ்லொவொவோ அப்படிப் போகவில்லை. சொல் என்று பொருள்படும் ஸ்லொவொ, சமஸ்கிருத ஸ்ரவஸுக்கும் கிரேக்கக் க்லெஒஸுக்கும் நேர் உறவு. ஸகர ஈற்று அஃறிணைகள் இப்படி அசையாமல் நின்றது, அவற்றின் ஒகரம் இரவல் அன்று என்று கொள்வதற்கே இடம் தருகிறது.

பின்னாளைய வாழ்வு

எழுவாயும் இரண்டாம் வேற்றுமையும் ஒகர ஈற்றுப் பெயர்களோடு ஒத்துவிட்டதால், மற்ற வேற்றுமைகள் அவ்வழியே இழுக்கப்பட்டது இயல்பு. செயலைக் குறிக்கும் டேலொ போன்ற சொற்களில் பழைய திருச்சபை ஸ்லாவியத்திலேயே டேலெஸெ, டேலா என்று இரண்டு ஆறாம் வேற்றுமைகள் காணப்படுகின்றன. இன்று ஸ்லாவிய மொழிகள் பெரும்பாலானவற்றில் ஆறாம் வேற்றுமை ஒருமையில் நெபா என்றே சொல்கிறார்கள். 'எஸ்' பன்மைக்குள் ஒதுங்கிவிட்டது. ரஷ்யம் சக்கரத்தைக் குறித்த கொலொ என்பதில் எதிர்த்திசையில் போயிற்று: பன்மையின் அடியிலிருந்து கொலெஸொ என்ற புதிய ஒருமையே பிறந்தது. ஸ்லோவேனியமோ இறகைக் குறிக்கும் பெரொ என்ற சொல்லுக்கு, அதற்கு ஒருநாளும் உரிமையில்லாத 'எஸ்' தந்து பெரெஸா என்றாக்கியிருக்கிறது. அந்த மொழியில் அது இப்போது மெய்யாகவே சாரியைதான்.

போலிஷ் வடிவங்கள் ஒலி வரலாற்றின் ஓர் அழகான பதிவு. அம்மொழியில் எகரம் வன்மையான பல்லொலிக்கு முன்னால் மட்டுமே ஒகரமாகும். நியெபொவில் எகரத்துக்கு அடுத்து வருவது இதழொலி, ஆகவே மாற்றமில்லை. நியெபியோஸாவில் இரண்டாம் எகரத்துக்கு அடுத்து வன்மையான ஸகரம்; ஆகவே ஒகரம். பழைய செபத்தில் வரும் ஏழாம் வேற்றுமைப் பன்மை நியெபியெஷியெஹ் என்பதில் ஸகரம் மென்மைப்பட்டதால் எகரம் எகரமாகவே நின்றது. அதே வடிவில் இறுதிக் குற்றியலுகரம் உதிர்ந்து, அதற்கு முந்தைய குற்றியலிகரம் முழு எகரமாக வலுப்பெற்றிருக்கிறது; இறுதியிலிருந்து எண்ணிவரும்போது ஒற்றைப்படையில் நிற்பவை உதிரும், இரட்டைப்படையில் நிற்பவை நிலைக்கும் என்ற ஹவ்லீக்கின் விதிக்கு இது முழுப் பொருத்தம். இந்த அடியிலிருந்து பிறந்த நியெபியெஸ்கி என்ற பெயரடை இன்று நீல நிறத்தைக் குறிக்கிறது.

சொல்லழுத்தமும் பழமையைக் காக்கிறது. மூல ஸ்லாவியத்தில் இது அழுத்தம் இடம்மாறும் வகையைச் சேர்ந்தது: ஒருமையில் முதலசையில், பன்மை நெபெஸாவில் கடையசையில். ரஷ்யத்தில் இன்றும் அப்படியே. இவ்வகைச் சொற்களுக்கு முன் வரும் முன்னிடைச்சொல் அழுத்தத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும் பழைய இயல்பும், 'வானத்தை நோக்கி' என்று பொருள்படும் 'ந நெபொ' என்ற தொடரில், 'ந'வின்மீது அழுத்தம் வைத்துச் சொல்வோரிடம் உயிரோடிருக்கிறது.

ரஷ்யத்தில் இந்தச் சொல்லுக்கு ஓர் இரட்டையும் உண்டு. கிழக்கு ஸ்லாவியத்தில் அழுத்தம் பெற்ற எகரம் வன்மையான மெய்க்கு முன் யோகரமாக ஒலிக்கவேண்டும். அவ்விதிப்படி வந்த நாட்டு வடிவம் ந்யொபொ. ஆனால் இலக்கிய மொழியில் வானத்தைக் குறிப்பது, எகரத்தை மாற்றாத திருச்சபை வடிவமாகிய நெபொ. ந்யொபொவுக்கு எஞ்சியது வாயின் மேலண்ணம் என்ற பொருள். வானத்தின் பெயரை அண்ணத்துக்கும் வைப்பது கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் காலத்திலேயே உள்ள வழக்கம். வானத்துக்குரிய பெயரடை நெபெஸ்னி என்று 'எஸ்' தாங்கி வருகிறது, அண்ணத்துக்குரியது ந்யொப்னி. பன்மையிலும் வானம் நெபெஸா, அண்ணம் ந்யொபா. ஒரே பெயர்ச்சொல் இரண்டாகப் பிரிந்தபோது ஸகரம் முழுவதும் வானத்தின் பங்குக்கே போயிருக்கிறது.